பெண்கள் ஐஸ் ஹாக்கியில் ஒரு புதுத் தொடக்கம்: பி.டபிள்யூ.எச்.எல். முதல் சீசன் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2024 ஜனவரி 1 முதல் மே 29 வரை நடந்த பி.டபிள்யூ.எச்.எல். முதல் சீசனைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நண்பர்கள் வரிசையாகக் கேள்வி கேட்பார்கள். சிலருக்கு விளையாட்டே புதிது. சிலர் விளையாட்டைப் பார்த்திருப்பார்கள், பெண்கள் லீக் பக்கம் வந்ததில்லை. இருவருக்கும் சேர்த்தே இந்தப் பதில்கள்.

பி.டபிள்யூ.எச்.எல். என்றால் என்ன?

புரொஃபெஷனல் விமன்ஸ் ஹாக்கி லீக். வட அமெரிக்காவில் பெண்களுக்கான தொழில்முறை ஐஸ் ஹாக்கிப் போட்டி. முதல் சீசனில் ஆறு அணிகள். கனடாவிலிருந்து டொராண்டோ, மாண்ட்ரியல், ஒட்டாவா. அமெரிக்காவிலிருந்து பாஸ்டன், மினசோட்டா, நியூயார்க். ஒவ்வொரு அணிக்கும் 24 ஆட்டங்கள், மொத்தம் 72. அதன் பிறகு முதல் நான்கு அணிகளுக்கு பிளே ஆஃப். சாம்பியனுக்கு வால்டர் கோப்பை.

இதற்கு முன் பெண்களுக்குத் தொழில்முறை லீக்கே இருந்ததில்லையா?

இருந்தன, ஆனால் அவற்றை நம்பி யாரும் பிழைக்க முடியவில்லை. 2007-ல் கனடாவில் சி.டபிள்யூ.எச்.எல். தொடங்கியது. ஒலிம்பிக் தங்கம் வென்றவர்கள்கூட அதில் பல வருடங்கள் சம்பளமே இல்லாமல் ஆடினார்கள். பகலில் வேறு வேலை, ராத்திரியில் பயிற்சி. 2015-ல் அமெரிக்காவில் என்.டபிள்யூ.எச்.எல். வந்தது. சம்பளம் தருவோம் என்று தொடங்கியவர்கள் இரண்டாவது சீசன் நடுவிலேயே அதைக் குறைத்தார்கள். 2019 மார்ச் கடைசியில் கனடா லீக், கடையை மூடப்போவதாக அறிவித்துவிட்டது.

அந்த மே மாதம் நடந்ததுதான் இந்தக் கதையின் உண்மையான தொடக்கம் என்பேன். கனடா, அமெரிக்கா இரண்டு நாட்டின் முன்னணி வீராங்கனைகளும் சேர்ந்து, சுமார் 200 பேர், "வாழ வழி செய்யும் லீக் ஒன்று வரும்வரை வட அமெரிக்காவில் எந்த லீக்கிலும் ஆடமாட்டோம்" என்று அறிவித்தார்கள். பி.டபிள்யூ.எச்.பி.ஏ. என்று ஒரு சங்கம் தொடங்கி, ஊர் ஊராகக் காட்சி ஆட்டங்கள் ஆடினார்கள். ஒரு விளையாட்டு வீராங்கனைக்கு உச்சத்தில் இருக்கும் வருடங்கள் எத்தனை இருக்கும்? அதில் நாலைந்தை இப்படிக் கொடுத்தார்கள். அந்தக் காத்திருப்பு முடிவதற்குள் ஓய்வு பெற்றவர்களும் உண்டு. 2024-ல் அரங்கம் நிறைந்ததைப் பேசும்போது அவர்களையும் சேர்த்தே பேச வேண்டும்.

பணம் போட்டது யார்?

லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் பேஸ்பால் அணியின் உரிமையாளர் மார்க் வால்டரின் குடும்பம். கூடவே டென்னிஸ் மேதை பில்லி ஜீன் கிங்கும் அவருடைய வாழ்க்கைத் துணை இலானா க்ளாஸும். 1970-களில் பெண்கள் டென்னிஸுக்குச் சம ஊதியம் கேட்டுப் போராடிய அதே பில்லி ஜீன் கிங்தான். ஆறு அணிகளுக்கும் லீக்கே உரிமையாளர். ஒரு முதலாளி கைவிட்டால் ஓர் அணி நடுத்தெருவுக்கு வரும் பழைய சிக்கல் இதில் இல்லை. எல்லாமே ஒரே பையிலிருந்து வரும் பணம் என்பதால் அந்தப் பை காலியானால் எல்லாருக்குமே ஆபத்துதான். முதல் வருடத்துக்கு இதுதான் சரியான வழி என்பது என் எண்ணம்.

சம்பளம் எவ்வளவு?

முதல் சீசனில் குறைந்தபட்சம் 35,000 அமெரிக்க டாலர். அணியின் சராசரி 55,000 இருக்க வேண்டும். ஒவ்வோர் அணியும் குறைந்தது ஆறு பேருக்கு, வருடம் 80,000 அல்லது அதற்கு மேல், மூன்று வருட ஒப்பந்தம் தர வேண்டும். குறைந்தபட்சச் சம்பளத்தில் ஒன்பது பேருக்கு மேல் வைத்துக்கொள்ளக் கூடாது. வருடத்துக்கு 3 சதவீத உயர்வு. மகப்பேறு காலப் பாதுகாப்பும் வீட்டு வாடகைக்கு உதவியும் ஒப்பந்தத்திலேயே எழுதப்பட்டிருக்கின்றன.

ஆண்களின் என்.எச்.எல். சம்பளத்தோடு ஒப்பிட்டால் இது கைச்செலவுக் காசு. ஆனால் தேதிகளைக் கவனியுங்கள். வீராங்கனைகள் ஓட்டுப்போட்டு இந்த ஒப்பந்தத்தை ஏற்றது 2023 ஜூலையில். எந்தெந்த ஊருக்கு அணி என்று லீக் அறிவித்தது ஆகஸ்ட் 29-ல். ஓர் அணியும் பிறக்கும் முன்பே, ஒரு ஜெர்சியும் தைக்கும் முன்பே, 2031 வரைக்குமான தொழிலாளர் ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டது. "முதலில் ஆடுங்கள், கூட்டம் வந்தால் காசு பற்றிப் பேசலாம்" என்றுதான் பெண்கள் விளையாட்டில் காலங்காலமாகச் சொல்லிவந்தார்கள். இங்கே அந்த வரிசையைத் தலைகீழாக்கினார்கள். இந்த சீசனில் எனக்கு மிகவும் பிடித்த வெற்றி, பனித்தளத்துக்கு வெளியே ஜூலையில் கிடைத்த இந்த வெற்றிதான்.

ஏற்கனவே இருந்த அமெரிக்க லீக் என்ன ஆயிற்று?

என்.டபிள்யூ.எச்.எல். 2021-ல் பி.எச்.எஃப். என்று பெயர் மாற்றிக்கொண்டு நடந்துவந்தது. 2023 ஜூன் இறுதியில் வால்டர் தரப்பு அதை வாங்கி மூடியது. அடுத்த சீசனுக்குக் கையெழுத்தாகியிருந்த ஒப்பந்தங்கள் ரத்து. ஆறே அணிகள் என்றால் இடங்கள் குறைவு. பலர் வேலை இழந்தார்கள். சிலர் ஐரோப்பா போனார்கள். ஒரே வலுவான லீக் வேண்டும் என்பது நியாயமான ஆசைதான். அதற்கு இவர்கள் கொடுத்த விலையும் சின்னதல்ல.

அணிகளுக்குப் பெயரே இல்லையாமே?

ஆமாம். நேரம் போதவில்லை. முதல் சீசன் முழுக்க ஜெர்சியில் ஊர்ப் பெயர் மட்டும் சாய்வாக எழுதியிருக்கும். பெயர்கள் 2024 செப்டம்பரில்தான் வந்தன: பாஸ்டன் ஃப்ளீட், மினசோட்டா ஃப்ராஸ்ட், மாண்ட்ரியல் விக்டுவார், நியூயார்க் சைரன்ஸ், ஒட்டாவா சார்ஜ், டொராண்டோ செப்டர்ஸ்.

வீராங்கனைகளை அணிகளுக்குப் பிரித்தது எப்படி?

முதலில் ஒவ்வோர் அணியும் மூன்று பேரை நேரடியாக ஒப்பந்தம் செய்தது. பிறகு 2023 செப்டம்பர் 18-ல் டொராண்டோவில் டிராஃப்ட் நடந்தது. ஐபிஎல் ஏலம் மாதிரி விலை ஏறாது. அணிகள் முறை வைத்து ஒவ்வொருவராகத் தேர்ந்தெடுக்கும். 15 சுற்றுகள், 90 பேர். முதல் பெயர் டெய்லர் ஹைசி. மினசோட்டா அணி, மினசோட்டாவிலேயே பிறந்து வளர்ந்து அந்த மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆடிய பெண்ணைத் தேர்ந்தெடுத்தது. இந்தப் பெயரை நினைவில் வையுங்கள், மே மாதத்தில் மறுபடி வருவார்.

ஐஸ் ஹாக்கியே பார்த்ததில்லை. எவ்வளவு தெரிந்தால் போதும்?

ஒரு பக்கம் ஐந்து பேர், ஒரு கோல்கீப்பர். 20 நிமிடம் வீதம் மூன்று பகுதிகள். பந்துக்குப் பதில் 'பக்' எனும் ரப்பர் வட்டு. மூச்சு வாங்க வாங்க ஆடும் ஆட்டம் என்பதால் ஒருவர் ஒரு நிமிடத்துக்கும் குறைவாகவே தொடர்ந்து தளத்தில் இருப்பார். ஆட்டம் நடக்கும்போதே ஆளை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். தப்பாட்டம் ஆடினால் இரண்டு நிமிடம் தண்டனைப் பெட்டியில் உட்கார வேண்டும், அணிக்கு அதுவரை ஓர் ஆள் குறைவு.

இந்தத் தண்டனையில்தான் லீக் ஒரு புது விதியைக் கொண்டுவந்தது. ஆள் குறைவாக ஆடும் அணி அந்த நேரத்தில் கோல் போட்டுவிட்டால், பெட்டியில் இருப்பவர் உடனே வெளியே வரலாம். 'ஜெயில்பிரேக்' கோல் என்று பெயர். வழக்கமாக ஆள் குறைந்த அணி தற்காப்பிலேயே காலம் தள்ளும். இந்த விதி வந்தபின் துணிந்து தாக்கவும் ஒரு காரணம் கிடைத்தது. என்.எச்.எல்.லும் இதை எடுத்துக்கொள்ளலாம்.

உடலால் மோதித் தடுப்பதற்கும் சர்வதேசப் பெண்கள் ஆட்டங்களில் இருந்ததைவிட இங்கே அதிக இடம் கொடுத்தார்கள். முதல் வாரத்திலேயே ஆட்டம் எவ்வளவு முரட்டுத்தனமாக இருந்தது என்று பார்த்தவர்கள் அசந்துபோனார்கள்.

புள்ளிகள் எப்படி?

வழக்கமான 60 நிமிடத்துக்குள் வென்றால் 3. சமநிலையானால் வரும் ஓவர்டைமிலோ (கூடுதல் நேரம்) ஷூட் அவுட்டிலோ (கோல்கீப்பருக்கு எதிராக ஒவ்வொருவராக அடிப்பது) வென்றால் 2, அதில் தோற்றவர்களுக்கு 1.

முதல் ஆட்டம் எப்படி இருந்தது?

2024 புத்தாண்டு தினம், டொராண்டோவின் மேட்டமி அரங்கம். 1931 முதல் 1999 வரை மேப்பிள் லீஃப்ஸ் ஆண்கள் அணியின் வீடாக இருந்த பழைய மேப்பிள் லீஃப் கார்டன்ஸ் கட்டடத்துக்குள்தான் இந்த அரங்கம் இருக்கிறது. பில்லி ஜீன் கிங் வந்து பக்கைத் தளத்தில் போட்டுத் தொடங்கிவைத்தார். நியூயார்க் 4-0 என்று ஜெயித்தது. லீக் வரலாற்றின் முதல் கோல் நியூயார்க்கின் எல்லா ஷெல்டனுடையது. கோல்கீப்பர் கொரின் ஷ்ரோடர் 29 ஷாட்களைத் தடுத்தார், ஒன்றைக்கூட உள்ளே விடவில்லை.

அன்று பார்த்தவர்கள் 2,537 பேர். அரங்கமே அவ்வளவுதான்.

கூட்டம் உண்மையிலேயே வந்ததா?

மறுநாளே ஒட்டாவாவில் 8,318 பேர். ஜனவரி 6-ல் மினசோட்டாவின் முதல் உள்ளூர் ஆட்டத்துக்கு 13,316 பேர். அன்று கிரேஸ் ஸும்விங்கில் லீக்கின் முதல் ஹாட்ரிக் (ஒரே ஆட்டத்தில் மூன்று கோல்) அடித்தார். பிப்ரவரி 16-ல் டொராண்டோவும் மாண்ட்ரியலும் என்.எச்.எல். அரங்கமான ஸ்கோஷியாபேங்க் அரீனாவில் மோதியபோது 19,285. ஏப்ரல் 20-ல் அதே இரண்டு அணிகள் மாண்ட்ரியலின் பெல் சென்டரில் ஆடியபோது 21,105. பெண்கள் ஐஸ் ஹாக்கியில் அதுவரை உலகில் எங்குமே இவ்வளவு பேர் கூடியதில்லை. வழக்கமான சீசனின் 72 ஆட்டங்களுக்கும் சேர்த்து 3,92,259 பேர் வந்தார்கள்.

"பெண்கள் ஆட்டத்தை யார் பார்ப்பார்கள்" என்று கேட்டவர்கள் அதுவரை பார்ப்பதற்கு ஒழுங்கான இடமும் நேரமும் டிக்கெட்டும் கொடுத்ததே இல்லை. கொடுத்தவுடன் வந்துவிட்டார்கள்.

வழக்கமான சீசனில் யார் முதலிடம்?

டொராண்டோ, 47 புள்ளிகள். மாண்ட்ரியல் 41. பாஸ்டனும் மினசோட்டாவும் தலா 35, அதில் பாஸ்டன் மூன்றாவது, மினசோட்டா நான்காவது. ஒட்டாவா 32, நியூயார்க் 26. ஜனவரியில் தட்டுத்தடுமாறிய டொராண்டோ, பிறகு தொடர்ந்து 11 ஆட்டங்களை வென்று மேலே ஏறியது.

அந்த அணியின் நாட்டலி ஸ்பூனர்தான் சீசனின் நாயகி. 24 ஆட்டங்களில் 20 கோல். அடுத்த இடத்தில் இருந்தவர்களால் 11-ஐத் தாண்ட முடியவில்லை. 2022 டிசம்பரில் குழந்தை பெற்றவர், ஒரு வருடம் கழித்து இப்படி ஆடினார். வலைக்கு முன்னால் கோல்கீப்பரின் கண்ணை மறைத்துக்கொண்டு நின்று, இடி வாங்கிக்கொண்டே, பக்கத்தில் விழும் பக்கை உள்ளே தள்ளுவதுதான் அவருடைய பாணி. அழகான கோல்கள் என்று சொல்ல முடியாது. ஆனால் அந்த இடத்தில் நிற்கத் துணிச்சல் வேண்டும். சிறந்த வீராங்கனை விருது அவருக்கே. நம்மவர்கள் ஆயிரக்கணக்கில் வாழும் ஸ்கார்பரோதான் அவருடைய ஊர் என்பதில் டொராண்டோத் தமிழர்களுக்குத் தனிச் சந்தோஷம் உண்டு.

முதலிடம் பிடித்த அணி எதிரியைத் தானே தேர்ந்தெடுக்கலாம் என்கிறார்களே?

ஆமாம், லீக்கின் இன்னொரு புது யோசனை. அரையிறுதியில் மூன்றாவது அணியா, நான்காவது அணியா, யாரோடு மோதுவது என்று முதலிட அணியே சொல்லலாம்.

மினசோட்டா கடைசி ஐந்து ஆட்டங்களிலும் தோற்றிருந்தது. கடைசி நாளான மே 5-ல் ஒட்டாவா 60 நிமிடத்துக்குள் வெல்லாமல் இருந்தால்தான் பிளே ஆஃப் என்ற நிலை. அன்று ஒட்டாவாவைத் தோற்கடித்தது டொராண்டோ. அடுத்து எதிரியைத் தேர்ந்தெடுக்கும் முறை வந்தபோது டொராண்டோ சொன்ன பெயரும் மினசோட்டாதான். ஐந்து தோல்வியோடு வரும் அணி, தவறான தேர்வு என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

முதல் இரண்டு ஆட்டங்கள் 4-0, 2-0 என்று டொராண்டோவுக்கு. ஐந்தில் மூன்று வென்றால் போதும். மூன்றாவது ஆட்டத்தில் ஸ்பூனருக்கு முழங்காலில் பலத்த அடி. சீசன் அதோடு முடிந்தது. அந்த ஆட்டத்தை மினசோட்டா 2-0 என்று வென்றது. நான்காவது, இரண்டாவது ஓவர்டைமில் 1-0. ஐந்தாவது டொராண்டோவிலேயே 4-1. டெய்லர் ஹைசிக்கு இரண்டு கோல். ஸ்பூனர் இல்லாத அந்த இரண்டு ஆட்டங்களில் டொராண்டோ அடித்தது ஒரே ஒரு கோல்.

இன்னொரு அரையிறுதி?

பாஸ்டன் 3-0 என்று மாண்ட்ரியலை வீட்டுக்கு அனுப்பியது. கேட்க ஒருதலைப்பட்சமாக இருக்கும். மூன்றுமே ஓவர்டைம், இரண்டாவது ஆட்டம் மூன்றாவது ஓவர்டைம் வரை போனது. பாஸ்டன் கோல்கீப்பர் எய்ரின் ஃபிராங்கல் சுவராக நின்றார். மாண்ட்ரியல் கேப்டன் மேரி ஃபிலிப் பூலான் ஒலிம்பிக் இறுதிகளில் வெற்றி கோல் அடித்தே பழகியவர், அவரையே கட்டிப்போட்டார்கள்.

இறுதிப்போட்டியில் கோல் அடித்து, கொண்டாடி, பிறகு இல்லை என்றார்களாமே?

மே 26, செயின்ட் பால் நகரம், எக்ஸல் எனர்ஜி சென்டர். தொடரில் மினசோட்டா 2-1 என்று முன்னிலை. அன்று வென்றால் சொந்த ரசிகர்கள் முன் கோப்பை. 60 நிமிடம் 0-0. முதல் ஓவர்டைமும் 0-0. இரண்டாவது ஓவர்டைமில் சோஃபி ஜாக்ஸ் அடித்த பக் வலைக்குள் போனது. மினசோட்டா பெண்கள் மட்டையையும் கையுறையையும் காற்றில் வீசிவிட்டு ஒருவர் மேல் ஒருவராக விழுந்தார்கள். அரங்கம் அதிர்ந்தது.

நடுவர்கள் வீடியோ பார்த்தார்கள். கோல்கீப்பருக்கு இடையூறு, கோல் செல்லாது. தளமெங்கும் சிதறிக் கிடந்த கையுறைகளைப் பொறுக்கிப் போட்டுக்கொண்டு மறுபடி ஆட வந்தார்கள். சிறிது நேரத்திலேயே பாஸ்டனின் அலினா முல்லர் கோல் அடித்தார். 1-0. தொடர் 2-2.

ஜெயித்தோம் என்று அழுது முடித்தபின் தோற்றவர்கள், மூன்றே நாளில் எதிரியின் ஊரில் எழுந்து நிற்பார்களா? மே 29, மாசசூசெட்ஸின் லோவெல். முதல் பகுதியில் கோல் இல்லை. இரண்டாவது பகுதியில் லிஸ் ஷெப்பர்ஸ் ஒன்று. மூன்றாவதில் மிஷேலா காவா ஒன்று. கடைசியில் பாஸ்டன் கோல்கீப்பரை வெளியே எடுத்து ஆள் கூட்டியபோது, காலி வலைக்குள் கேப்டன் கெண்டல் கோய்ன் ஸ்கோஃபீல்ட் ஒன்று. கோல்கீப்பர் நிக்கோல் ஹென்ஸ்லி ஒன்றையும் விடவில்லை. 3-0.

கோப்பையை முதலில் தூக்கியது கோய்ன் ஸ்கோஃபீல்ட். 2019-ல் ஆடமாட்டோம் என்று சொன்னவர்களில் முன்வரிசையில் நின்றவர். 2023 ஜூலையில், ஒப்பந்தம் கையெழுத்தான அதே மாதத்தில், தாயானவர். பிளே ஆஃபின் சிறந்த வீராங்கனை டெய்லர் ஹைசி.

கடைசி இடம் வந்த அணிக்குத்தான் அடுத்த டிராஃப்டில் முதல் வாய்ப்பா?

அப்படியே இல்லை. பிளே ஆஃப் வாய்ப்பு போன பிறகு ஓர் அணி எடுக்கும் புள்ளிகளை வைத்து வரிசை. அதாவது முதல் ஆளைப் பெற, தோற்கக் கூடாது, ஜெயிக்க வேண்டும். இம்முறை அது நியூயார்க்குக்குக் கிடைத்தது; சாரா ஃபில்லியரை எடுத்தார்கள்.

குறைகளே இல்லையா?

உண்டு. நியூயார்க் அணியின் உள்ளூர் ஆட்டங்கள் கனெக்டிகட், லாங் ஐலண்ட், நியூஜெர்சி என்று மூன்று இடங்களில் நடந்தன, ஒன்றுகூட நியூயார்க் நகர எல்லைக்குள் இல்லை. ரசிகர் எங்கே போய்ப் பழகுவார்? பாஸ்டன் அணி ஆடிய லோவெல், பாஸ்டனிலிருந்து சுமார் 40 கி.மீ. டொராண்டோவில் கேட்டவர்களுக்கெல்லாம் டிக்கெட் கிடைக்கவில்லை. டொராண்டோவும் நியூயார்க்கும் அடுத்த சீசனில் இதைச் சரிசெய்தன: ஒன்று கோகோ கோலா கொலீசியத்துக்குப் போனது, இன்னொன்று நியூவார்க்கின் புருடென்ஷியல் சென்டரில் நிலைகொண்டது.

அடுத்த சீசனில் யார் வென்றார்கள்?

மறுபடியும் மினசோட்டாதான். அணிக்கு 30 ஆட்டங்கள் என்று உயர்ந்த 2024-25 சீசனின் இறுதியில் ஒட்டாவாவை 3-1 என்று வென்றார்கள். நான்கு ஆட்டமும் 2-1, நான்கும் ஓவர்டைம். கோப்பையை உறுதிசெய்த கோல் அந்த முறையும் லிஸ் ஷெப்பர்ஸ் அடித்ததுதான். 2025-26-ல் வான்கூவர், சியாட்டில் அணிகளும் சேர்ந்தன.

நான் எங்கே பார்ப்பது?

முதல் சீசனின் ஆட்டங்களை லீக் தன் யூடியூப் சேனலில் இலவசமாக நேரலை செய்தது. சென்னையில் உட்கார்ந்து பார்ப்பவருக்கு விடிகாலை எழ வேண்டியிருக்கும், அவ்வளவுதான். எதிலிருந்து தொடங்குவது என்று கேட்டால், 2024 இறுதியின் நான்காவது ஆட்டம், இரண்டாவது ஓவர்டைம்.